மூவாயிரம் ஆண்டு முட்டையும் நேற்றைய வாய்க்காலும்

1

2021 ஏப்ரல் 3ஆம் தேதி மாலை கெய்ரோ நகரத் தெருக்களில் 22 பிணங்கள் ஊர்வலம் போயின. பதினெட்டு அரசர்கள், நான்கு அரசிகள். தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்திலிருந்து ஃபுஸ்தாத்தில் கட்டியிருக்கும் புதிய அருங்காட்சியகத்துக்கு இடமாற்றம். அதிர்வு தாங்கும் வண்டிகள், நைட்ரஜன் அடைத்த பெட்டிகள், 21 குண்டு மரியாதை, வாசலில் காத்திருந்து வரவேற்ற குடியரசுத் தலைவர். பத்து வருஷத்துக்கு முன்னால், 2011இல், அதே தஹ்ரீர் சதுக்கத்தில் உயிருள்ள மனிதர்கள் லட்சக்கணக்கில் கூடி நின்றார்கள். அவர்களை நோக்கியும் குண்டுகள் வெடித்தன. அவை மரியாதைக் குண்டுகள் இல்லை.

தொலைக்காட்சியில் இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு அசட்டுக் கேள்வி தோன்றியது. இவர்கள் வயிற்றில் என்ன இருந்திருக்கும்? அந்தக் கேள்வியின் வால் பிடித்துப் போய்த்தான் மம்மிகளில் எஞ்சியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றிய எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பிணத்தின் குடலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பிரதிகளை வாசிப்பது. எழுத வேண்டும் என்று யாரும் நினைக்காமல், தன்னை அறியாமல் எழுதப்பட்டு மூவாயிரம் வருஷம் அழியாமல் கிடக்கும் ஒரு பிரதியை விடவா சுவாரசியமான பிரதி இருக்கப்போகிறது?

படித்ததை உடனே எங்காவது கொட்ட வேண்டும் என்ற வியாதி நமக்கெல்லாம் உண்டு. ஓராண்டு கழித்து, விவசாயத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய சிறு கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எகிப்திய உழவர்களின் சிறுநீரில் இரத்தம் போகிற நோயைப் பற்றிப் பேசினேன். அது ஐயாயிரம் ஆண்டாக அந்த மண்ணில் இருந்துவருகிறது, பாரோக்கள் காலத்திலிருந்தே உழைப்பவன் உடம்பில்தான் அது குடியிருக்கிறது என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். கைதட்டல் கிடைத்தது. கூட்டம் கலைந்த பிறகு, கிராம சுகாதாரச் செவிலியாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தோழர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “அஞ்சாயிரம் வருஷமா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா, நேத்து வாய்க்கா வெட்டினவன் தப்பிச்சிருவான் இல்லையா தோழர்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

2

முதலில் பிரதியைப் பார்ப்போம். 1910இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மார்க் அர்மான் ரஃபர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். எகிப்தின் இருபதாம் அரச வம்சத்தைச் சேர்ந்த இரண்டு மம்மிகளின் சிறுநீரகங்களில், சுண்ணாம்பேறிப்போன பில்ஹார்சியா முட்டைகளைக் கண்டதாக அதில் சொல்லியிருந்தார். அதாவது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய முட்டைகள். காய்ந்து விறைத்த திசுவை ஆல்கஹால், சோடியம் கார்பனேட், தண்ணீர் மூன்றும் கலந்த கரைசலில் ஊறப்போட்டு, மென்மையாக்கி, சீவல் சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். ரஃபர் கரைசல் என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். மம்மிகளில் ஒட்டுண்ணி தேடும் துறைக்கு இங்கிருந்துதான் வயது கணக்கிடுகிறார்கள்.

முட்டை ஏன் எஞ்சுகிறது? இந்தப் புழு குடலில் வாழ்வதில்லை, இரத்தக் குழாயில் வாழ்கிறது. ஆணின் உடம்பில் நீளவாட்டில் ஒரு மடிப்பு. அதற்குள் பெண் படுத்துக் கிடக்கும். இப்படி இணைபிரியாமல் சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டு பெண் முட்டையிட்டுத் தள்ளும். முட்டையின் ஒரு முனையில் முள். சில முட்டைகள் சிறுநீர்ப்பையின் சுவரைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தோடு வெளியேறுகின்றன. மற்றவை திசுவிலேயே சிக்கிக்கொள்கின்றன. வெளியேற்ற முடியாத அந்த முட்டைகளைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டுகிறது, சுண்ணாம்பு பூசுகிறது. நோயாளி செத்த பிறகும் அந்தச் சுண்ணாம்பு சாவதில்லை. முள் முனையில் இருந்தால் சிறுநீர் வழி வகை, பக்கவாட்டில் இருந்தால் குடல் வழி வகை. எழுத்துக்கு எழுத்து பிரித்தறிவது மாதிரிதான்.

வெளியே வந்த முட்டை தண்ணீரில் விழ வேண்டும். பொரித்து வரும் குஞ்சு ஒரு குறிப்பிட்ட நத்தைக்குள் புக வேண்டும். நத்தைக்குள் பல்கிப் பெருகி, வாலுள்ள சிறு உயிராக மறுபடி தண்ணீருக்கு வர வேண்டும். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் நிற்கும் மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடிக்க வேண்டிய அவசியமில்லை. கால் நனைத்தாலே போதும். இந்தச் சங்கிலியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதன், தண்ணீர், நத்தை, மறுபடி தண்ணீர், மறுபடி மனிதன். இதில் வற்றாத தண்ணீர் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

ரஃபருக்குப் பிறகு முறைகள் கூர்மையடைந்தன. 1990இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், முட்டையே கண்ணுக்குப் படாவிட்டாலும் புழு உடம்பில் விட்டுச்செல்லும் ஆன்டிஜெனை மம்மித் திசுவில் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். நான் மேடையில் முழங்கிய ‘ஐயாயிரம் ஆண்டு’ இந்த வகை ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். எண்ணில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

3

அரசர்களை விட்டுவிட்டு ஒரு நெசவாளியிடம் போகலாம். பெயர் நக்த். தீப்ஸ் நகரில், அரசன் செத்நக்தின் ஈமக் கோயிலில் நெசவு வேலை பார்த்தவன். செத்தபோது வயது பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள். சுமார் 3200 ஆண்டுகள் கழித்து, 1974 ஆகஸ்டில், கனடாவின் டொரோன்டோவில் அவன் உடலைக் கட்டவிழ்த்து முழுமையாக அறுத்துப் பார்த்தார்கள். அருங்காட்சியகம் அவனுக்கு வைத்த அடையாளம் ‘ரோம் 1’. பெயர் தெரியாததால் எண் கொடுக்கவில்லை. அவன் சவப்பெட்டியிலேயே பெயர் எழுதியிருந்தது.

அந்தச் சிறுவனின் உடம்பில் இருந்தவற்றின் பட்டியல்: பில்ஹார்சியா முட்டைகள். நாடாப்புழுவின் முட்டைகள். விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசையில் ட்ரிக்கினெல்லா என்ற புழுவின் கூடு. தழும்பேறி இறுகிய கல்லீரல். வீங்கிய மண்ணீரல். நுரையீரலில் விளக்குப் புகையும் அடுப்புப் புகையும் விட்டுச்சென்ற கரி, அதோடு பாலைவன மணல். இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். அவன் நெய்த துணி யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவனுக்குச் சுற்றிய துணி மட்டும் டொரோன்டோ வரை வந்து சேர்ந்தது.

இவ்வளவும் எப்படி எஞ்சியது என்பதில்தான் வர்க்கத்தின் விளையாட்டு இருக்கிறது. பிணத்தைப் பதப்படுத்துவதில் மூன்று விலைகள் உண்டு என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். முதல் தரத்தில் மூளையையும் குடலையும் எடுத்துவிடுவார்கள். இரண்டாவதில் எண்ணெய் செலுத்தி உள்ளுறுப்பைக் கரைத்துவிடுவார்கள். மூன்றாவது ஏழைகளுக்கானது: குடலைக் கழுவிவிட்டு உப்பில் போடுவது. நக்துக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை. துணியைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள், அவ்வளவுதான். வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. அதனால் மூளையும் குடலும் ஈரலும் இருந்த இடத்திலேயே இருந்தன. காசு கொடுத்து நித்தியம் வாங்கியவன் தன் சாட்சியத்தைத் தானே அழித்துக்கொண்டான். காசில்லாதவன் முழுசாக மிஞ்சினான்.

இன்னொன்று. ட்ரிக்கினெல்லா பெரும்பாலும் சரியாக வேகாத பன்றிக்கறி வழியாகத்தான் மனிதனுக்குள் வருகிறது. எகிப்தியர்கள் பன்றியைத் தீட்டாகக் கருதினார்கள், பன்றி மேய்ப்பவர்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை என்றும் அதே ஹெரோடோட்டஸ்தான் சொல்கிறார். அவர் எழுதியது நக்த் செத்து எழுநூறு வருஷம் கழித்து. எனவே அவசரமாக முடிச்சுப் போட வேண்டாம். ஆனாலும் ஒன்று சொல்லலாம். கோயிலின் விலக்குப் பட்டியலிலிருந்து ஒரு சமூகத்தின் சாப்பாட்டை எழுத முடியாது. கோயில் நெசவாளியின் விலாத் தசை வேறு கணக்கு வைத்திருக்கிறது. இதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதப்பட்ட பிரதிக்கும் உடம்பாகிய பிரதிக்கும் நடுவில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் முதலான மருத்துவ ஏடுகளில் ‘ஆஆ’ என்று ஒலிக்கத்தக்க ஒரு நோய்ச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் குறியோடு ஆண்குறியின் படமும் சேர்ந்திருக்கிறது. உடனே சிலர் இது சிறுநீரில் இரத்தம் போகும் நோய்தான் என்று முடிவுகட்டினார்கள். வேறு சிலரோ அது ஏதோ தீய சக்தி உடம்புக்குள் விடும் நஞ்சைக் குறிக்கிறது என்கிறார்கள். மம்மியில் முட்டை கிடைத்துவிட்டது என்பதற்காகச் சொல்லுக்கு அந்த அர்த்தத்தைத் திணிப்பது வாசிப்பாகாது. பூசாரி-வைத்தியன் எதைக் கண்டான் என்பது ஒரு கேள்வி. நெசவாளி எதைச் சுமந்தான் என்பது வேறொரு கேள்வி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரலாற்றுக்குக் கிடையாது.

4

இப்போது ரஃபரின் 1910க்குத் திரும்புவோம். அந்த வருஷத்தில் எகிப்து எப்படி இருந்தது?

1882இலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தின் பிடியில் இருந்தது. ரஃபர் கெய்ரோ மருத்துவப் பள்ளியில் நுண்ணுயிரியல் கற்பித்தவர். ஐரோப்பிய வல்லரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்த, கப்பல்களையும் ஹஜ் பயணிகளையும் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் கொண்ட அலெக்சாந்திரியா தனிமைப்படுத்தல் குழுவுக்குத் தலைவர். காலனியத்தில் நோய் என்பது எப்போதும் உள்ளூர்க்காரனின் உடம்பிலிருந்து புறப்படுவது, தடுக்கப்பட வேண்டியது. புழுவுக்குப் பெயர் வந்த கதையையும் பாருங்கள். 1851இல் கெய்ரோவின் கஸ்ர் எல்-ஐனி மருத்துவமனையில் ஒரு பிணத்தை அறுத்தபோது தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கண்டார். புழு அவர் பெயரைப் பெற்றுக்கொண்டது. அறுக்கப்பட்டவனின் பெயரைத் துறையின் வரலாறு சொல்வதில்லை.

மறுபக்கம் தண்ணீர். எகிப்தின் பழைய பாசனம் வெள்ளப் பாசனம். ஆவணி வாக்கில் நைல் பெருகும். கரை கட்டிய பெரும் பரப்புகளில் தண்ணீரைத் தேக்கி, நாற்பது, அறுபது நாள் நிற்கவிட்டு, வண்டல் படிந்ததும் வடிப்பார்கள். ஈரத்தில் விதைப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வாய்க்காலும் காயும். நத்தைகளில் பெரும்பகுதி செத்துப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை நைலே நோய்ச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிடும்.

பருத்திக்கு இது ஆகாது. பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும், கோடையில்தான் நைல் மெலிந்து ஓடும். 1820களில் முகமது அலி நீள இழைப் பருத்தியைப் பரப்ப ஆரம்பித்ததிலிருந்து கோடை வாய்க்கால்கள் வெட்டும் வேலையும் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து வரும் பஞ்சு நின்றுபோக, எகிப்து முழுக்கப் பருத்திக் காடாக மாறத் தொடங்கியது. பிறகு வந்த பிரிட்டிஷ் ஆட்சி இதை முறைப்படுத்தியது. இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் பொறியியல் படித்த வில்லியம் வில்காக்ஸ் வடிவமைத்த அஸ்வான் அணை 1902இல் முடிந்தது. 1912இல் அதை உயர்த்தினார்கள். 1933இல் மறுபடி உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் வற்றாத வாய்க்கால் தெற்கே நீண்டது. நத்தைக்கு வருஷம் முழுக்கக் குடியிருக்க வீடு கிடைத்தது. உழவனுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் வேலை கிடைத்தது.

விளைவை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1930களில் வெள்ளப் பாசனப் பகுதியில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருந்த நோய், வற்றாத பாசனப் பகுதியில் அறுபது அளவில் இருந்தது. மேல் எகிப்தில் பாசனத்தை மாற்றிய சில ஊர்களில் 1934க்கும் 1937க்கும் இடையில், மூன்றே வருஷத்தில், பத்தில் ஒருவர் என்பதிலிருந்து இருவரில் ஒருவர், அதற்கும் மேலே என்று ஏறிப்போனது. ஆக, நோய் பழசு, கொள்ளைநோய் புதுசு.

ரஃபரின் குறிப்பு வெளிவந்த 1910 அஸ்வான் அணையின் இரண்டு தேதிகளுக்கு நடுவில் விழுகிறது. ரஃபர் எதையும் மறைக்கச் சதி செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. நேர்மையான விஞ்ஞானி. 1917இல் சலோனிகாவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் செத்தவர். அவருடைய கண்டுபிடிப்பு உண்மை. ஆனால் ஒரு உண்மை எந்தச் சொல்லாடலுக்குள் போய் உட்கார்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் தீர்மானிப்பதில்லை. ‘பாரோக்களின் நோய்’ என்ற தொடர் அதற்குப் பிறகு மருத்துவ நூல்களிலும் பத்திரிகைகளிலும் ஒரு பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மாறாத எகிப்து, மாறாத உழவன், மாறாத நைல், மாறாத புழு. பருத்தி எங்கே? அணை எங்கே? லங்காஷயர் எங்கே? ‘என்றும் இருந்தது’ என்ற இரண்டு சொல்லில் எல்லாம் கரைந்துபோயின.

இங்கே வேடிக்கை என்னவென்றால், நத்தையின் பங்கு எகிப்தில் நிரூபிக்கப்பட்டதே உழவனுக்காக இல்லை. 1915இல் பிரிட்டிஷ் போர்த்துறைதான் ராபர்ட் லைப்பரை அனுப்பியது. அங்கே முகாமிட்டிருந்த துருப்புகள் நோய்வாய்ப்படக்கூடாது என்பதே கவலை. அதுவரை கெய்ரோவின் பெரிய அதிகாரியான ஆர்தர் லூஸ், நத்தையே தேவையில்லை, மனிதனிலிருந்து நேரே மனிதனுக்குத்தான் போகிறது என்று பிடிவாதமாகச் சொல்லிவந்தார். லூஸின் கருத்துப்படி குற்றவாளி உழவனின் அசுத்தம். லைப்பருக்குப் பிறகு குற்றவாளிகளின் பட்டியலில் வாய்க்காலும் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது நத்தை மட்டும். வாய்க்காலை வெட்டியது யார் என்ற கேள்விக்கு நுண்ணோக்கியில் இடமில்லை.

டிமோத்தி மிட்செல் 2002இல் வெளிவந்த தன் நூலில் ‘கொசு பேசுமா?’ என்று ஒரு அத்தியாயம் எழுதினார். ஸ்பிவக்கின் புகழ்பெற்ற கேள்வியைத் திருப்பிப் போட்ட தலைப்பு. 1940களில் மேல் எகிப்தில் பரவிய மலேரியாவையும் அணையையும் உரத்தையும் கரும்பு ஆலையையும் போரையும் ஒரே கதையாகச் சேர்த்து வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் இருந்தார், மொத்தத்துக்கு யாருமில்லை என்பது அதில் தெரியவரும். அந்த வழியில் நாமும் ‘புழு பேசுமா?’ என்று கேட்கலாம். பேசும் என்று உணர்ச்சிவசப்பட வேண்டாம். புழுவைப் பேசவைக்கிறார்கள். யார் பேசவைக்கிறார்கள், எதற்கு இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் விமர்சனத்தின் வேலை.

5

அப்படியானால் தொன்மை என்றாலே ஆள்பவனின் தந்திரமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தத் துறைக்கு இன்னொரு முகம் உண்டு, அது எகிப்தில் உருவாகவில்லை. 1970களின் கடைசியில் பிரேசிலின் ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தில் லூயிஸ் ஃபெர்ரெய்ரா, அடாவுட்டோ அராவுஜோ போன்றவர்கள் இதைத் தனித் துறையாக வளர்த்தார்கள். மம்மிகள் மட்டுமல்ல, குகைகளில் காய்ந்து கிடந்த பழங்கால மலத்தையும் ஊறவைத்துப் படித்தார்கள்.

அங்கே விவகாரம் கொக்கிப்புழு. அமெரிக்கக் கண்டங்களுக்கு அது ஆப்பிரிக்க அடிமைகளோடுதான் வந்தது என்ற கதை வலுவாக இருந்தது. சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தவனைப் பற்றிப் பேச்சில்லை, கட்டப்பட்டவன் புழுவைக் கொண்டுவந்தான் என்பதுதான் பேச்சு. 1974இல் பெரு நாட்டு மம்மி ஒன்றில் கொக்கிப்புழு இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டு முந்தைய உடல் அது. அடிமைக் கப்பல் மட்டுமே காரணம் என்ற வாதம் ஆட்டம் கண்டது. அதோடு நிற்கவில்லை. கொக்கிப்புழுவின் இளம்பருவம் வெதுவெதுப்பான ஈர மண்ணில் சில நாள் வளர்ந்தால்தான் அடுத்தவன் காலில் ஏற முடியும். சைபீரியப் பனி வழியாக மெல்ல மெல்ல நடந்து வந்தவர்களோடு அது எப்படிப் பிழைத்து வந்திருக்கும்? எனவே அந்தக் கண்டத்தின் ஆதிமக்கள் எல்லோரும் ஒரே பனிவழியில்தான் வந்தார்களா என்ற கேள்வியைப் பிரேசில்காரர்கள் எழுப்பினார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எகிப்தில் பழைய முட்டை புதிய குற்றத்தை மூடப் பயன்பட்டது. பெருவில் பழைய புழு புதிய பழியை உடைக்கப் பயன்பட்டது. எனவே வயசில் ஒன்றுமில்லை. பழசு என்று நிரூபித்த பிறகு அடுத்த வாக்கியம் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

6

எகிப்துக் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் முடித்தால் அது மோசடி. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, சுதந்திர எகிப்தின் அரசு இந்த நோயை ஒழிக்கப் பெரும் இயக்கம் நடத்தியது. மருந்து டார்டார் எமடிக் என்ற ஆன்டிமனி உப்பு, நரம்பில் ஏற்றும் ஊசி. ஒவ்வொருவருக்கும் பல வாரம், பல ஊசி. கண்ணாடி ஊசிக் குழல்களைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் அடுத்தடுத்த ஆளுக்குப் போட்டார்கள். புழு குறைந்தது. அதே ஊசி வழியே ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய்க் கிருமி கிராமம் கிராமமாகப் போயிற்று. 2000இல் லான்செட்டில் இதை ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு எழுதினார்கள். 2008 கணக்கெடுப்பில் 15இலிருந்து 59 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. காலனியம் போன பிறகு நம்மவர்களே நல்லெண்ணத்தோடு செய்தது இது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு உட்கார முடியாது.

1980களில் எகிப்தியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தது. ‘வாய்க்காலுக்கு முதுகைக் காட்டு’ என்பது அதன் வாசகம். யாருக்குச் சொல்கிறார்கள்? துணி துவைப்பது, மாடு கழுவுவது, நாற்று நடுவது, சின்னப் பையன்கள் குளிப்பது எல்லாம் அந்த வாய்க்காலில். வாய்க்காலுக்கு முதுகைக் காட்டினால் பருத்திக்கு யார் முகம் காட்டுவது? வாய்க்காலை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து எந்த விளம்பரமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படி வாய்க்கால் கொண்ட ஊரில் பிறந்தவர்தான் அப்துல் ஹலீம் ஹஃபீஸ். அரபு உலகமே கொண்டாடிய பாடகர். சிறுவயதில் பிடித்த பில்ஹார்சியா ஈரலைத் தின்றது, 1977இல் 47 வயதில் செத்தார். பெயர் தெரிந்த ஒருவர் செத்ததால் நமக்குத் தெரிகிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த நெசவாளிப் பையன் பாடினானா என்று நமக்குத் தெரியாது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். வாயில் போடும் மாத்திரை வந்த பிறகு பில்ஹார்சியா எகிப்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹெபடைடிஸ் சி-க்கு அமெரிக்காவில் 84,000 டாலர் விலை வைத்த மருந்தை, பேரம் பேசி 900 டாலருக்கு எகிப்து வாங்கியது. 2018-19இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டைப் பாராட்டிச் சான்று கொடுத்தது. ஐயாயிரம் வருஷமாக அழியாதது என்று சொல்லப்பட்டது நாற்பது வருஷத்தில் மடங்கிப்போக முடியும் என்றால், அது அவ்வளவு காலம் அழியாமல் இருந்ததற்கு அதன் தொன்மை காரணமாக இருக்க முடியுமா?

7

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 1770 என்ற எண்ணோடு ஒரு மம்மி உண்டு. 1975இல் கட்டவிழ்த்துப் பார்த்தார்கள். பதின்வயதுப் பெண். கால்கள் முழங்காலுக்குக் கீழே இல்லை. வயிற்றுப் பகுதியில் சுண்ணாம்பேறிய ஒரு புழு. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நரம்புச் சிலந்தி என்ற பெயரில் நன்றாகத் தெரிந்த அதே புழுதான். இறங்கிக் குடித்த படிக்கிணறுகளையும் குளங்களையும் பிடித்துக்கொண்டு இங்கே வெகுகாலம் இருந்தது. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லி, கிணறுகளைச் சீர்செய்து, இந்தியாவில் அது ஒழிந்துவிட்டதாக 2000இல் சான்று பெற்றோம். அதற்குத் தனி மருந்துகூடக் கிடையாது. தண்ணீரை மாற்றினார்கள், போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் மொழியில் மிஞ்சியிருக்கிறது, மம்மிக்குள் புழு மிஞ்சியிருப்பது போல.

தமிழ் படித்த நமக்குத் தொன்மை என்ற சொல் கிளர்ச்சி தருவது. ஈராயிரம் வருஷம், மூவாயிரம் வருஷம் என்று அடுக்கிக்கொண்டே போவோம். பெருமைக்கு மட்டும்தான் அப்படி அடுக்குகிறோம் என்று நினைத்திருந்தேன். கொடுமைக்கும் அதே அடுக்குமொழியைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது அந்தத் தோழர் கேட்ட பிறகுதான் உறைத்தது. ‘ஆண்டாண்டு காலமாக’, ‘காலங்காலமாக’, ‘தலைமுறை தலைமுறையாக’. துண்டறிக்கைகளில் இந்தச் சொற்கள் கோபத்தைக் கூட்டுவதாக நம்புகிறோம். உண்மையில் அவை தேதியை அழிக்கின்றன. தேதி அழிந்தால் குற்றவாளி போய்விடுகிறான், வானிலை மட்டும் மிஞ்சுகிறது. வானிலைக்கு எதிராக யார் போராடுவது?

அதனால் என் மேடைப் பேச்சை இப்போது திருத்திக்கொள்கிறேன். அந்த முட்டை மூவாயிரம் வருஷத்துக்கு முந்தையது. அது ஒரு பையனை அவன் வேலையோடும் சாப்பாட்டோடும் சேர்த்து நமக்குக் காட்டுகிறது. அந்த அளவுக்கு அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். அதே முட்டையின் வாரிசுகள் நக்தின் நாட்டுப் பிள்ளைகளில் இருவருக்கு ஒருவர் என்று பரவியது 1820, 1902, 1912, 1933 என்ற தேதிகளில். அந்தத் தேதிகளில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, லாபம் உண்டு. மம்மியைப் படிக்கிறவர்கள் இந்தப் புத்தகங்களையும் திறக்க வேண்டும். அணையைப் படிக்கிறவர்கள் அந்தப் பையனின் ஈரலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தச் செவிலித் தோழரை இன்னொருமுறை பார்த்தால் சொல்ல வேண்டும்: இல்லை தோழர், தப்பிக்க விடக்கூடாது.